வாட்சர் வீட்டுச் சுவர்

மொக்கையனுக்குக் காக்கிக் கோட்டு கிடைத்தபோது நாற்பது வயது தாண்டியிருந்தது. அதுவரை அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்பதே பள்ளிவாசல் என்ற மலையூருக்கு மேலே இருந்த அந்தச் சின்னத் தேயிலை எஸ்டேட்டில் பலருக்கு நினைவிருக்காது. கவ்வாத்துக் கூட்டத்தோடு போய்ச் செடியை வெட்டுவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். பழைய வாட்சர் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எஸ்டேட்டின் உதவி மேனேஜரான சின்னத்துரை ஒரு நாள் காலையில் வரிசையில் நின்ற ஆம்பிளைகளைப் பார்த்து, அதில் உயரமாகத் தெரிந்தவரைக் கை காட்டினார். தேர்வு அவ்வளவுதான். உயரமாகப் பிறந்ததற்குக் கூலியாக ஒரு கோட்டும், ஒரு விசிலும், விறகுக்காட்டின் மேல் அதிகாரமும் வந்து சேர்ந்தன. கோட்டு அவருக்கே தொளதொளவென்று இருந்தது.

விறகுக்காடு என்றால் கிராண்டிஸ் என்ற யூகலிப்டஸ் மரக் காடு. கொழுந்தை உலர்த்தும் தொழிற்சாலை அடுப்புக்காக எஸ்டேட் வளர்த்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் அங்கே கையால் ஒடிக்க முடிந்த சுள்ளியைப் பொறுக்கிக்கொள்ளலாம், இரும்பு மட்டும் உள்ளே போகக் கூடாது. அரிவாளோடு பிடிபட்டால் வாட்சர் ஆபீசில் பேரைச் சொல்ல வேண்டும், பேர் போனால் அந்த வீட்டுக்குச் சில நாள் வேலை கிடையாது. போன வருஷத்து மழையில் விழுந்து, காய்ந்து, கரையான் தின்னக் காத்திருக்கும் மரத்தைக்கூடக் கையால்தான் ஒடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டவர் தன் வாழ்நாளில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார். அதனால் காட்டுக்குப் போகிற ஒவ்வொரு பெண்ணின் சும்மாட்டுத் துணிக்குள்ளும் ஒரு அரிவாள் இருந்தது.

கோட்டுப் போட்ட முதல் வாரமே சீனியம்மாள் மாட்டிக்கொண்டாள். புருஷனில்லாத கிழவி. மொக்கையனின் அம்மாவோடு ஒரே கூட்டத்தில் கொழுந்து கிள்ளியவள். அவள் பேரை ஆபீசில் சொல்ல மொக்கையனுக்கு நாக்கு வரவில்லை. அரிவாளை மட்டும் வாங்கிக்கொண்டு, “சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கங்க பெரியம்மா. இனிமே கொண்டு வராதீக” என்றார். சாயங்காலம் வந்தாள். கொடுத்தார். “நீ நல்லா இருப்பய்யா” என்று அவர் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள். லயமே அவரை மெச்சியது. பேரைச் சொல்லாத வாட்சர் இந்த மலையில் எங்கே உண்டு?

கெட்டுப்போனது அடுத்த தடவைதான். பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தி அரிவாள் கேட்டு வந்து வாசலில் நின்று “அண்ணே, வாட்சரண்ணே” என்று கூப்பிட்டாள். மொக்கையன் அப்போது நிஜமாகவே பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு வெளியே வந்தபோது அவள் அப்படியே நின்றிருந்தாள், முந்தானையை இழுத்துச் செருகி, கண்ணைத் தாழ்த்தி. துரை பங்களா வாசலில் தான் நிற்பது போல அவள் தன் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் மொக்கையனுக்கு நெஞ்சுக்குள் இதமாக ஏதோ பரவியது. நாற்பது வருஷத்தில் அவருக்காக யாரும் எங்கேயும் காத்து நின்றதில்லை. “என்ன, இந்தப் பக்கம்?” என்று கேட்டார். எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்தேதான் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களெல்லாம் முகம் கழுவும் நேரம் நின்றார்கள். உள்ளே மொக்கையன் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார். முகம் காய்ந்துதான் இருக்கும். அந்த நேரம் கழிந்ததும் ஒரு செருமல். பிறகு வெளியே வந்து, “என்ன, இந்தப் பக்கம்?”

முதலில் அன்றைக்கே கொடுத்துவந்தார். பிறகு, “ஞாயித்துக்கெழம வா, பாப்போம்.” பிறகு, “போன வாரந்தான ஒங்கிட்டச் சொன்னேன்?” தேவகி என்று ஒருத்தி மூன்று தடவை வந்து நின்றுவிட்டு நாலாவது தடவை வரவில்லை. எனக்கு என் மானம் பெரிசு என்று குழாயடியில் சொல்லிவிட்டாளாம். அவளைப் பார்த்து இன்னும் சிலர் வருவதை நிறுத்தினார்கள். கேட்டு வராத அரிவாளைக் கொண்டுபோய்க் கொடுக்க மொக்கையனுக்குக் கோட்டு இடம் தரவில்லை. வீட்டுச் சுவரில் ஆணி அடித்து வரிசையாகத் தொங்கவிட்டார். ஒரு ஆணி நிறைந்ததும் இன்னொன்று அடித்தார்.

தகரக் கூரைக்குக் கீழே காற்று புகும் லயம் அது. காற்றடித்தால் சுவரில் இரும்பு இரும்போடு இடித்துக் கணகணவென்றது. மொக்கையனுக்குத் தூக்கம் போனது அப்போதுதான். சத்தம் பெரிதல்ல. ஆனால் ஒவ்வொன்றும் யாருடையது என்று அவருக்குத் தெரியும். பிடியில் சிவப்புத் துணி சுற்றியது தேவகியுடையது. மூக்கு உடைந்தது குருசாமி வீட்டு அரிவாள். கண்ணை மூடினால் கணக், கண்ணைத் திறந்தால் கணக். எழுந்து உட்கார்ந்து பீடி பற்ற வைப்பார், அணைப்பார், கதவைத் திறந்து பார்ப்பார், மூடுவார்.

இதில் அதிகம் அடிபட்டவள் அவர் மனைவி மாரித்தாய். மொக்கையன் கோட்டுப் போட்ட நாளிலிருந்து அவளை யாரும் விறகுக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடத் தேவையுமில்லை, பிடிபட்ட கட்டுகளில் ஒன்றிரண்டு எப்படியோ வாட்சர் வீட்டுக் கொல்லைக்கு வந்துவிடும். மழை மாதத்தில் எல்லா அடுப்பும் ஈர விறகோடு மல்லாடிக்கொண்டிருக்க, வாட்சர் வீட்டுக் கூரையில்தான் முதலில் புகை எழும். அதை லயமே பார்த்துக்கொண்டிருந்தது. மாரித்தாய் குடத்தோடு குழாயடிக்குப் போனால் அதுவரை கலகலவென்று இருந்த பேச்சு பட்டென்று நிற்கும். “வாங்க மதினி, நீங்க புடிங்க” என்று வழிவிடுவார்கள். முறை வராமலே தண்ணீர் கிடைக்கும். அந்தத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவளுக்கு அழுகை முட்டும்.

“எனக்கு வருசயிலயே நிக்கணும்ங்க. வழி விட வேணாம்னு சொல்லுங்க” என்று ஒரு தடவை புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள். மரியாதை கொடுக்கிறார்கள், அதிலுமா குறை என்று மொக்கையன் சிரித்தார். அவருக்கு அது மரியாதையாகத்தான் தெரிந்தது.

இப்படி இருக்கும்போதுதான், எழுபத்து நாலாம் வருஷம் வைகாசியில், மகள் ராமுத்தாய்க்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் போடி. கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, லயத்து மாரியம்மன் கோயிலில். மாப்பிள்ளை வீட்டார் ஜீப்புகளில் மலையேறி வருகிறார்கள், வந்த ஜனத்துக்கு வயிறாரச் சோறு போட வேண்டும். அதற்கு அண்டா அண்டாவாகச் சமையல், அதற்கு மலை மலையாக விறகு.

விறகைப் பற்றி அந்த லயங்களில் யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அதற்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்யாணமோ சாவோ, பந்தக்கால் ஊன்றியதும் வீட்டுக்கு ஒரு கட்டு விறகு வந்துவிடும். யாரும் கேட்க மாட்டார்கள், யாரும் சொல்ல மாட்டார்கள். வாசலில் தொப்பென்று போட்டுவிட்டுப் போவார்கள். எந்த வீட்டு விறகு விழவில்லையோ அந்த வீட்டோடு உறவு அறுந்தது என்று அர்த்தம். கொலைப் பகைக்காரர்கள்கூடச் சாவு வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கட்டைப் போட்டுவிட்டுப் போனதை மொக்கையனே பார்த்திருக்கிறார்.

வியாழக்கிழமை சாயங்காலம் பந்தக்கால் ஊன்றினார்கள். எல்லோரும் வந்தார்கள். பந்தலுக்குக் கம்பு கட்டினார்கள், வெற்றிலை போட்டார்கள், ராமுத்தாயைக் கேலி செய்தார்கள், குலவை போட்டார்கள். ஒரு குறையுமில்லை. ஆனால் விறகு விழவில்லை. மொக்கையன் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தார். ஒரு வேளை பின்பக்கம் போட்டிருப்பார்களோ என்று கோழிக்கூட்டுக்குப் பின்னால்கூட எட்டிப் பார்த்தார். அங்கே கோழிதான் இருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல், கம்பு கட்டிக்கொண்டிருந்த அடுத்த வீட்டுக் குருசாமியிடம் மெல்லக் கேட்டார். குருசாமி அவருக்கு இளையவன். கவ்வாத்தில் அவரோடு ஒன்றாக நின்றவன்.

“ஏப்பா குருசாமி, விறகு ஒண்ணும் காணமே?”

குருசாமி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். முகத்தில் கோபமில்லை. “போடணும்னுதாண்ணே எல்லாருக்கும் ஆச. வெட்டணும்ல. அருவா பூராம் ஒங்க வீட்டுச் சொவத்துலல்ல தொங்குது.”

பக்கத்தில் நின்ற பெண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதில் பாதி உண்மை, பாதி வீம்பு. மழைக்கென்று சேர்த்த சுள்ளி ஒவ்வொரு வீட்டிலும் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. வீம்பைப் பிடித்துக் கேட்க முடியுமா? மொக்கையனுக்குக் காது சுட்டது.

அன்றைக்கு மாரித்தாய் சொன்னது ஒன்றே ஒன்றுதான். “ஞாயித்துக்கெழம பொண்ணு கழுத்துல தாலி ஏறும். வந்தவுக பசியோட மல எறங்குனா, போடிக்குப் போயி எம்மக எப்படித் தலநிமிந்து வாழுவா? அருவாளக் குடுத்துருங்க.”

“கேக்காமக் கொண்டுபோயிக் குடுத்தா அப்பறம் என்னய எவ மதிப்பா?”

“இப்ப மட்டும்?” என்றாள் மாரித்தாய்.

வெள்ளிக்கிழமை காலையில் மொக்கையன் கோட்டைத் தட்டி உதறிப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். தொழிற்சாலை விறகில் ஒரு வண்டி கேட்டு வாங்கிவிட்டால் லயத்தின் முகத்தில் கரியைப் பூசலாம் என்பது அவர் எண்ணம். படிக்குக் கீழே செருப்பை விட்டுவிட்டு நின்றார். சின்னத்துரை உள்ளேதான் இருந்தார், பேச்சுக் குரல் கேட்டது. ஆனாலும் நிற்க வைத்தார். மொக்கையன் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். துரைமார்களும் உள்ளே முகம் கழுவுவார்களோ என்று நினைத்துக்கொண்டார்.

விஷயத்தைக் கேட்டதும் சின்னத்துரை வாய்விட்டுச் சிரித்தார். தமிழ்நாட்டுக்காரர் இல்லை, புதிதாக வந்த இளவயதுக்காரர். “வாட்சருக்கு விறகு இல்லையா? ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாரும் கேட்பாங்க மேன். கிடையாது.” பிறகு சிரிப்பு நின்றது. “இரு. உன் வீட்டில் நிறையக் கத்தி தொங்குதுன்னு கேள்விப்பட்டேன். ஆபீசுக்கு ஒரு பேரும் வரலையே? திங்கட்கிழமை எல்லாம் இங்கே வரணும். எந்தக் கத்தி யாருடையதுன்னு பேரும் சொல்லணும். சரிதானே?”

“சரிங்க தொரே” என்றார் மொக்கையன். நாற்பது வருஷப் பழக்கம். அவர் யோசிப்பதற்கு முன்னால் வாயே சொல்லிவிட்டது.

விறகு கேட்கப் போய் வினையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். திங்கட்கிழமை பேர் சொன்னால் லயத்தில் பாதி அடுப்பு அணையும். சீனியம்மாள் பேரும் அதில் உண்டு, கிழவி இரண்டாவது தடவை மாட்டி, கேட்க வராமலே இருந்துவிட்டாள். சொல்லாவிட்டால் கோட்டுப் போகும். அது போனால் மறுபடி குனிந்து தேயிலை வெட்டும் மொக்கையன். யாரும் வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். அதை நினைத்து அவர் உண்மையிலேயே பயந்தார். மகள் கல்யாணத்தைவிட அது பெரிதாகத் தெரிந்த ஒரு நொடியும் இருந்தது. பாதையோரப் பாறையில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் கொழுந்துக் கூடை இறக்கிப் பெண்கள் வீடு திரும்பியதும், மொக்கையன் சுவரில் இருந்த அத்தனை அரிவாளையும் ஒரு சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினார். கோட்டை ஆணியில் மாட்டினார். மாரித்தாய் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

முதல் வீடு தேவகியுடையது. வாசலில் நின்றார். கூப்பிட வேண்டும். வாட்சராக அவர் காட்டில் எத்தனை தடவை விசில் ஊதியிருக்கிறார், யார் வாசலிலும் நின்று கூப்பிட்டதில்லை. “தேவகி… ஏத்தா தேவகி” என்றார். உள்ளே பேச்சுக் குரல் நின்றது. கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் மொக்கையன் சாக்கை இரண்டு தடவை தோள் மாற்றிவிட்டார். அவள் வந்தாள். சிவப்புத் துணி சுற்றிய அரிவாளை நீட்டினார். வாங்கி, விரலால் வாயைத் தடவிப் பார்த்தாள்.

“துருப் புடிச்சுப்போச்சே” என்றாள்.

ஒவ்வொரு வீட்டிலும் அதே மாதிரி. யாரும் திட்டவில்லை, திட்டியிருந்தால் லேசாக இருந்திருக்கும். குருசாமி மூக்கு உடைந்த அரிவாளை வாங்கிக்கொண்டு, “நம்ம மூக்கு ஒடஞ்சாலும் பரவால்ல, இது வந்துருச்சு” என்று தன் மனைவியிடம் சொல்லிச் சிரித்தான். கடைசியாகச் சீனியம்மாள் வீடு. கிழவி அடுப்படியில் இருந்தபடியே, “யாரு, மொக்கையனா? இரு, இத இறக்கிட்டு வாரேன்” என்றாள். நிஜமாகவே கொதிக்கும் சட்டியை இறக்கிவிட்டுத்தான் வந்தாள். “ஏன்யா வெளியவே நிக்கிற? உக்காரு.”

மொக்கையன் உட்கார்ந்தார். தன் வாசலுக்கு வந்த ஒருவரைக்கூட உட்காரச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. “திங்கக்கெழம பேரச் சொல்லச் சொல்றாக பெரியம்மா” என்று குனிந்தபடியே சொன்னார். கிழவி ஒரு லோட்டாக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். ஈர விறகுப் புகை வாசம் காப்பியிலும் இருந்தது.

சனிக்கிழமை விடியும்போது மொக்கையன் வழக்கம்போலக் காட்டு முகப்பில் கோட்டோடு நின்றார். பனிக்குள்ளிருந்து சத்தம் கேட்டது. முதலில் ஒரு வெட்டு. பிறகு இங்கே, அங்கே, மேலே, கீழே. விழுந்து கிடந்த மரமெல்லாம் ஒரே நேரத்தில் வெட்டுப்பட்டன. கை தானாக விசிலுக்குப் போனது. உதடு வரை வந்தது. கையைக் கீழே இறக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும்.

பிறகு பெண்கள் தலைச்சுமையோடு வரிசையாக இறங்கினார்கள். வாட்சர் எதிரே வந்தால் சுமைக்காரர்கள்தான் செடிக்குள் ஒதுங்கி நிற்பது வழக்கம். அன்றைக்கு மொக்கையன் தேயிலைச் செடிக்குள் ஒதுங்கி நின்று வழிவிட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி போனார்கள். கடைசியில், எல்லோரையும்விடப் பெரிய கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, தேவகியோடு ஏதோ பேசிச் சிரித்தபடி வந்தவள் மாரித்தாய்.

கல்யாணம் குறைவில்லாமல் நடந்தது. அண்டாக்களுக்குக் கீழே கிராண்டிஸ் விறகு சடசடவென்று எரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ராமுத்தாய் ஜீப்பில் ஏறும்போது மட்டும் மொக்கையன் குழந்தை மாதிரி அழுதார்.

திங்கட்கிழமை காலையில் சாக்கோடு ஆபீசுக்குப் போனார். சின்னத்துரை சாக்கைக் கவிழ்க்கச் சொன்னார். ஒரே ஒரு அரிவாள் விழுந்தது.

“இது யாருடையது?”

“என்னுது தொரே. பேரு மொக்கையன்.”

“மற்றது?”

“வேற இல்ல தொரே.”

கோட்டையும் விசிலையும் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு வேலை கிடையாது என்பதையும் கேட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கோட்டில்லாத முதுகில் பனிக்காற்று அறைந்தது. குழாயடியைத் தாண்டும்போது பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் தாண்டிப் போகிறவரை பேச்சு நிற்கவே இல்லை. அன்றைக்குப் பகலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கோட்டு ஆணியில் சும்மா தொங்குமா? அடுத்த வாரமே சின்னத்துரை வரிசையைப் பார்த்துக் கை காட்டினார். இந்தத் தடவை குருசாமி. கோட்டு அவனுக்கு முழங்கால் வரை வந்தது. நல்லவன்தான், யார் பேரையும் ஆபீசில் சொல்லவில்லை. அரிவாளை மட்டும் வாங்கிக்கொண்டான்.

ஆடி மாதம் மழை விட்ட ஒரு நாள், மாரித்தாய் சீனியம்மாளிடம் இரவல் வாங்கிக்கொண்டு போன அரிவாளோடு மாட்டினாள். சாயங்காலம் மொக்கையன் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றார். “குருசாமி” என்று கூப்பிட்டார். உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரும் வரவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் என்று மொக்கையனுக்குத் தெரியும், அந்த நேரத்தை அளந்து வைத்தவரே அவர்தான். நிற்காமல் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். சரியாக அந்த நேரம் கழிந்ததும் ஒரு செருமல் கேட்டது. குருசாமி வெளியே வந்தான். முகம் காய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது.

“என்னண்ணே, இந்தப் பக்கம்?”

மொக்கையனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாமல் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார். குருசாமி திகைத்துப்போய் விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஒக்காருப்பா” என்று தன் பக்கத்தில் படியைத் தட்டினார் மொக்கையன். “தூங்கி எத்தன நாளாச்சு?”

குருசாமி கோட்டை ஒதுக்கிக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தான்.

“எண்ணலண்ணே” என்றான்.

மழைக்காற்று எழுந்தது. உள்ளே சுவரில் இரும்பு இரும்போடு இடிக்கத் தொடங்கியது.